செண்பகத்துக்கு ஒரு புள்ளிவட்டம்

இந்த வருஷம் சித்திரை மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுத் தோட்டத்துச் செண்பக மரத்தின் ஒரே ஒரு பூவைக் காலையில் பறிக்காமல் விட்டுவைப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. இரு தரப்பு வாதங்களும் பல வருஷங்களாகக் கேட்கப்பட்டிருந்தன. ஒரு வக்கீல் குமாஸ்தாவின் அபிப்பிராயம் பெறப்பட்டு, நிராகரிக்கப்பட்டிருந்தது. கோயில் பட்டர் ஒருவரும் விசாரிக்கப்பட்டிருந்தார். இதைவிடக் குறைந்த யோசனையின் பேரில் ராஜ்யங்கள் யுத்தம் தொடங்குவதாகப் பத்திரிகைகளில் படிக்கிறேன்.

அந்தப் பூ யாருக்காக விடப்பட்டதோ, அந்த ரெங்கநாயகம் பிள்ளை வைகாசி பிறந்த சில நாட்களில் காலமானார். சமாசாரம் எனக்கு ராஜபாளையத்தில் மீராசா ராவுத்தர் கடையில் வைத்துக் கிடைத்தது. ராவுத்தர் மை, காகிதம், சாயப்பொடி, ஆணி முதலியவற்றை விற்கிறவர். பிள்ளைக்கு வர்ணக் கட்டிகளைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்துக் கொடுத்தவரும் அவர்தான். நான் மை வாங்கப் போயிருந்தேன். வில்லிபுத்தூரிலிருந்து பருத்தி ஏற்ற வந்த வண்டிக்காரன், வண்டியைவிட்டு இறங்காமலே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனான். ராவுத்தர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார்.

“பிள்ளைவாள் போயிட்டாவளா?” என்றார். “நேத்துத்தான் அவிய கேட்ட மஞ்ச வந்துச்சு. நாளைக்குக் குடுத்தனுப்பணும்னு எடுத்து வச்சிருக்கேன். எம்புட்டு மஞ்ச வாங்கியிருப்பாவ! ஒண்ணுகூட அவியளுக்குப் புடிக்கலையே.”

கடையைச் சாத்திவிட்டு அவரும் என்னோடு மாட்டு வண்டியில் ஏறினார். அந்த மஞ்சள் கட்டியைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

நம்மில் பெரும்பாலோர் அவரை ‘சர்வே ஆபீஸ் பிள்ளை’ என்றே அறிவோம். இந்தத் தாலுகாவில் வயலோ தோட்டமோ வைத்திருக்கிற யாரும் அவர் கைக்குத் தப்பவில்லை. அவர் நிலத்தை அளக்கிறவர் அல்ல; அளந்து வருகிறவர்கள் கொடுக்கிற கணக்கைக்கொண்டு கிராமப் படம் வரைகிற டிராப்ட்ஸ்மன். சோழபுரத்துக் கண்மாய்க்கு நீலம் பூசியவர் அவர்தான். பாதைகளுக்குச் சிவப்பு, நஞ்சைக்குப் பச்சை, புஞ்சைக்கு மஞ்சள் என்று சர்க்கார் விதித்திருந்த நிறங்களுக்கு வெளியே வேறு நிறம் உலகத்தில் உண்டு என்பதை, பென்ஷன் வாங்கும்வரை அவர் ஒப்புக்கொண்டதில்லை.

அவருடைய தொழிலில் புள்ளிக்கோடு என்று ஒன்று உண்டு. இடிந்த சுவர், தூர்ந்த கிணறு, விழுந்துபோன எல்லைக்கல் ஆகியவற்றை அவர் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டுவார். ஒருமுறை கான்சாபுரத்துக்காரர்கள் சிலர் அவரிடம் வந்து, தாங்கள் வெட்டப்போகிற கிணற்றைப் படத்தில் இப்போதே போட்டுவிடும்படி கேட்டார்கள். முழுக் கோடாக வேண்டாம், புள்ளிக்கோடாவது போதும் என்றார்கள். ஒரு தார் வாழைப்பழமும் வைத்தார்கள். பிள்ளை பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இருந்து இல்லாமப் போனதுக்குத்தான் புள்ளி. இனிமே வரப்போறதுக்குப் புள்ளி கிடையாது. அதுக்கு வெறும் தாள்தான்.” அந்தக் கிணறு கடைசிவரை வெட்டப்படவில்லை. படம் இன்றைக்கும் சரியாக இருக்கிறது.

பென்ஷன் ஆன பிறகு அவர் பூக்களை வரையத் தொடங்கினார். இளவேனில் காலத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் பூக்கிற ஒவ்வொரு பூவையும் அது செடியில் இருக்கிறபடியே வரைந்து வைப்பது என்பது திட்டம். நான் முன்சீபு கோர்ட்டு வேலையாக வாராவாரம் ராஜபாளையத்திலிருந்து வில்லிபுத்தூர் போகிறவன். ஒருநாள் வழியில் என்னை நிறுத்தி, “தம்பி, வீட்டுக்கு வாங்க. பூப்படம் பாக்கலாம்” என்றார். போனேன். கட்டிலின் மேல் படங்களை வரிசையாகப் பரப்பினார். மல்லிகை, இருவாட்சி, அரளி, செம்பருத்தி, செண்பகம் என்று ஒவ்வொன்றின் அடியிலும் அழகான எழுத்தில் பேர் இருந்தது. வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி இருந்தது. ‘அளவு: அங்குலத்துக்கு அங்குலம்’ என்று எழுதியிருந்தது. மல்லிகைப் பந்தலை, கிராமப் படம் வரைகிற பழக்கத்தில், ஆகாயத்திலிருந்து பார்த்தபடி வரைந்திருந்தார். எதிலும் பூ இல்லை. பூ இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் புள்ளி புள்ளியாகச் சிறு வட்டங்கள் இருந்தன.

“பூ எங்கே அண்ணாச்சி?” என்றேன்.

“கோயிலுக்குப் போயிருக்கு” என்றார்.

இதைச் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி கோதையம்மாள் மட்டும் சிரித்தது கேட்டது.

கோதையம்மாளை நான் மதினி என்று கூப்பிடுவது வழக்கம். பூக்களைக் கோயிலுக்கு அனுப்பியவர் அவரே. அதற்குக் காரணம் இருந்தது. பிள்ளைக்கு அப்போது முப்பது வயது இருக்கும். காட்டு எல்லை சர்வே நடந்தபோது மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். போனபோது நடந்து போனவர், திரும்பியபோது மலைக்காய்ச்சலோடு கட்டிலில் தூக்கிக்கொண்டு வரப்பட்டார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவது நல்லது என்றார். மதினி கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டார்: இவர் பிழைத்து எழுந்தால், இந்த வீட்டில் பூக்கிற பூ ஒன்றுகூட வீட்டில் நிற்காது, எல்லாம் பெருமாளுக்கே. பிள்ளை பிழைத்து எழுந்தார். அப்போது அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு அரளிச் செடி. அதுவும் ஆடு கடித்தது.

நேர்த்திக்கடன் இவ்வளவோடு நின்றிருந்தால் யாருக்கும் சிரமம் இருந்திருக்காது. ஆனால் பிள்ளை, தாம் பிழைத்து வந்த சந்தோஷத்தில், செண்பகத்தோப்பிலிருந்தே ஒரு செண்பகக் கன்றைக் கொண்டுவந்து கிணற்றோரம் நட்டார். பிறகு மல்லிகை வைத்தார். பிறகு இருவாட்சி. பூக்களைப் பார்த்துக்கொண்டு பென்ஷன் காலத்தைக் கழிக்கவேண்டும் என்று ஒவ்வொரு செடியாக வைத்துக்கொண்டே போனார். வைத்த ஒவ்வொரு செடியும் பூத்த அன்றே நேர்த்திக்கடனில் சேர்ந்தது. விடிவதற்குள் மதினி பூக்குடலையோடு தோட்டத்தில் இறங்கி எல்லாவற்றையும் பறித்துவிடுவார். பிள்ளை பல் தேய்த்துவிட்டு வரும்போது தோட்டம் பச்சையாக இருக்கும். அந்த வீட்டுத் தோட்டத்தில் பூக்கள் இருந்தன என்பதற்கு, பூக்காம்புகளே சாட்சி.

அவர் என்னிடம் சட்ட அபிப்பிராயம் கேட்டார். வக்கீல் குமாஸ்தாவிடம் இலவசமாகக் கேட்கப்படும் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு உண்டோ அந்த மதிப்புள்ள அபிப்பிராயத்தை நான் கொடுத்தேன். நேர்ந்துகொண்ட தேதியில் இருந்த செடிக்கே அந்த நேர்ச்சை பொருந்தும். அதற்குப் பிற்பாடு நட்ட செடிகள் அதில் கட்டுப்படா. ஆகவே பெருமாளுக்கு உரிமையுள்ளது அரளி மட்டுமே என்றேன். பிள்ளையின் முகம் மலர்ந்தது. மதினி சமையற்கட்டிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

“தம்பி, நீங்க சொல்லுதது செடிக்கு. நா நேர்ந்தது பூவுக்கு. ‘இந்த வீட்டுல பூக்கிற பூ’ன்னுதான் சொன்னேன். செடியப் பத்திப் பேச்சே எடுக்கலையே.”

பத்திரங்கள் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள்கூட இவ்வளவு ஓட்டையில்லாமல் எழுதி நான் பார்த்ததில்லை. என் அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு மோர் குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு பிள்ளை, மதினிக்கு முன்னால் எழுந்துவிடுவது என்று பார்த்தார். மறுநாள் மதினி அவருக்கும் முன்னால் எழுந்தார். அடுத்த நாள் பிள்ளை இன்னும் முன்னால். இப்படியாக அந்த வீட்டில் பொழுது விடிவது கொஞ்சம் கொஞ்சமாக முந்தின ராத்திரிக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒருநாள் இருவரும் செண்பக மரத்தடியில் சந்தித்தபோது, முந்தின நாளே இன்னும் முடியவில்லையோ என்று இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்கள். படுத்தவர்கள் நன்றாகத் தூங்கிவிட்டார்கள். அன்றைய பூக்களை அணில் கடித்துவிட்டது. அதோடு அந்தப் போட்டி கைவிடப்பட்டது.

அடுத்த உபாயத்தில் எனக்கும் பங்கு உண்டு. ராஜபாளையம் பூக்கடையில் ஒரு நல்ல செண்பகமாக வாங்கி, ஈர வாழையிலையில் பொதிந்து கொண்டுவரும்படி சொன்னார். கொண்டுபோனேன். மதினி அன்றைய பூக்களைப் பறித்து முடித்தபிறகு, பிள்ளை அந்தப் பூவை வெள்ளை நூலால் தம் மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினார். சற்றுப் பின்னால் நின்று பார்த்தார். பக்கத்தில் போய்க் கொஞ்சம் திருப்பினார். பிரஷ் எடுத்துவர உள்ளே போனார். பிரஷைத் தேடி எடுத்து, கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, வர்ணப் பெட்டியோடு வெளியே வந்தபோது பூ இல்லை. ‘விட்டுப்போன பூ ஒண்ணு’ என்று மதினி அதையும் பறித்துக் குடலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்.

கோயிலில் மாலை கட்டுகிறவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா, உங்க மரத்துல பூவோட சேத்து நூலும் பூக்குதா?” என்று கேட்டாராம்.

மதினி வீட்டுக்கு வந்து விசாரித்தார். பிள்ளை உள்ளதைச் சொல்லிவிட்டார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. “அது கடைப் பூ. நம்ம பூ இல்ல. அதை நீ பறிச்சது தப்பு” என்று எதிர் வழக்கும் தொடுத்தார்.

“நம்ம மரத்துல இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு. ஆனா கட்டி இருந்துச்சு.”

“மரத்துல இருந்தா நம்ம பூதான். எப்படி வந்துச்சுன்னு பெருமாள் கேக்க மாட்டாரு.”

எல்லைக்குள் இருக்கிற பொருள் எல்லைக்காரருக்கே சொந்தம் என்பது சர்வே இலாகாவின் கொள்கை. பிள்ளையால் அதை மறுக்க முடியவில்லை. இத்தகவலை நான் ராவுத்தரிடம் சொன்னபோது, அவர் அரை நாள் சிரித்தார்.

பட்டரை விசாரித்தது இதற்குப் பிறகு. சுவாமிக்குப் போகவேண்டிய பூவை அதற்கு முன் ஒருவன் பார்த்து வரைந்தால் அது எச்சிலாகிவிடுமா என்பது கேள்வி. பட்டர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, “பார்ப்பதில் தோஷமில்லை. முகர்ந்தால்தான் தோஷம்” என்றார். பிள்ளை இந்தத் தீர்ப்போடு ரத வீதியில் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தார். அவர் அப்படி வேகமாக நடந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மதினி கேட்டுவிட்டு, “மத்தவங்க பாக்கது பார்வை. நீங்க பாக்கது பார்வையா? மூஞ்சியக் கொண்டுபோயி நாலு விரக்கடைக்குக் கிட்ட வச்சுக்கிட்டு, ஒரு பொழுது முழுக்க உத்து உத்துப் பாக்கிய. அம்புட்டுக் கிட்டப் போனா மூக்கு சும்மா இருக்குமா?” என்றார்.

பிள்ளை தமது கடைசி வாதத்தை எடுத்தார். வில்லிபுத்தூரில் பூவைப் பற்றித் தகராறு வந்தால் எல்லோரும் கடைசியில் எடுக்கிற வாதம்தான் அது. “இந்த ஊர்லதான ஒரு பொண்ணு மாலையத் தான் சூடிப் பாத்துட்டுக் குடுத்தா? பெருமாள் வேண்டாம்னாரா? அதுதான் வேணும்னாரு.”

“அவ சூடுனா” என்றார் மதினி. “நீங்க யாரு? பென்ஷன் வாங்குத சர்வேயரு.”

“சர்வேயர் இல்ல. டிராப்ட்ஸ்மன்” என்று பிள்ளை திருத்தினார்.

வழக்கு இந்த நிலையில் சில வருஷங்கள் நின்றது. பிள்ளை புள்ளிவட்டங்களை வரைந்துகொண்டே இருந்தார். யாராவது போனால் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவார். ஒருமுறை ராவுத்தர், “பிள்ளைவாள், பூ இல்லைன்னா அந்த எடத்த விட்டுற வேண்டியதுதான? எதுக்குப் புள்ளி வச்சுக்கிட்டு?” என்று கேட்டார். பிள்ளை கோபித்துக்கொண்டார். “இருந்தது இல்லைன்னா, இல்லைன்னு காட்டணும் ராவுத்தரே. சும்மா விட்டுட்டா அங்க ஒண்ணுமே இருக்கலைன்னுல்ல ஆயிரும்?” என்றார். ராவுத்தர் அந்த வாரம் மஞ்சள் கட்டிக்கு விலை குறைத்துக்கொண்டார்.

போன வருஷத்திலிருந்து பிள்ளையின் கண்ணில் புரை விழத் தொடங்கியது. வாழ்நாள் முழுதும் மயிரிழைக் கோடுகளைப் பார்த்த கண்கள். முதலில் எதிரே வருகிறவர்களை அடையாளம் தெரியவில்லை என்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பழைய கிராமப் படத்தின் முன் நின்று, “கண்மாய யாரு இங்க மூடினா?” என்று கேட்டார். கண்ணை அறுத்துப் புரை எடுக்கிற டாக்டர் மதுரையில் இருக்கிறார் என்று நான் சொன்னேன். “அளவு தப்பா அறுத்துட்டா?” என்றார். மேற்கொண்டு அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. ஆனால் அவருக்கு அவசரம் வந்துவிட்டது என்பது தெரிந்தது. நடையில் அல்ல, பேச்சில். “தம்பி, இந்த இளவேனிலுக்குள்ள ஒரு பூ. ஒண்ணு போதும். அடுத்த வருசம் பூத்தாலும் எனக்குத் தெரியாது” என்று பங்குனியில் ஒருநாள் சொன்னார். அவர் என்னிடம் விளையாட்டில்லாமல் பேசியது அந்த ஒருமுறைதான். பட்டரிடம் இன்னொரு முறை கேட்கலாமா என்றேன். “அவரு சரியாத்தான் சொன்னாரு. கேக்க வேண்டியவ கேக்கணும்ல?” என்றார்.

அடுத்து நடந்ததை மதினி எனக்குப் பிற்பாடு சொன்னார். சித்திரையில் ஒரு காலை, கிணற்றுக் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்துவிட்டதால், மதினி தோட்டத்துக்கு வர நேரமாகிவிட்டது. வந்தபோது பிள்ளை செண்பக மரத்தின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே, கை எட்டுகிற கிளையில், அன்று விரிந்த பூ இருந்தது. மதினி முதுகுப்பக்கம் நின்று காகிதத்தைப் பார்த்தார். அந்தக் கிளையை வரைந்து, இலைகளை வரைந்து, பூ இருந்த இடத்தில் பிள்ளை புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

மதினி சமையற்கட்டுக்குப் போய்விட்டார். அன்று பூவும் பறித்தார். கோயிலுக்கும் அனுப்பினார். சாயங்காலம் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “நாளைக்கு ஒரு பூ விடுதேன்” என்றார்.

“எந்தப் பூ?”

“கீழக் கிளையில இருக்கது. நீங்க வரைஞ்சு முடிச்ச பொறவு பறிப்பேன். ஆனா மூக்கக் கட்டிக்கிடணும்.”

கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர்கள் வாயைக் கட்டிக்கொள்வார்கள் அல்லவா, அதைப்போல. பிள்ளை உடனே ஒப்புக்கொண்டார். ஆட்சேபித்தால் உத்தரவு வாபஸாகிவிடும் என்று பயந்திருப்பார். இப்படித்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன தீர்மானம் ஏற்பட்டது.

மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போகிற வழியில் நான் அங்கே போனேன். துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வேலிக்கு வெளியே போன இருவர், தோட்டத்தில் ஏதோ செத்து நாறுகிறது என்று எண்ணி அவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். மதினி ஒரு கையில் குடலையோடு பக்கத்தில் நின்றார். பூவுக்குக் காவலா, பிள்ளைக்குக் காவலா என்று சொல்ல முடியாது.

“எத்தன இதழு?” என்று பிள்ளை துண்டுக்குள்ளிருந்து கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

“இதழ எண்ணிக்கிட்டா நிப்பாங்க?”

“தினம் பறிக்கியே, தெரியாதா?”

“பறிக்கதுக்கு எதுக்கு எண்ணணும்?”

“சரி, நெறம் சொல்லு. என்ன மஞ்ச?”

“செண்பக மஞ்ச.”

“அது தெரியும். புஞ்சை மஞ்சளுக்குக் கூடவா, கம்மியா?”

“ஏங்க, நா புஞ்சையக் கண்டேனா? பூ மாதிரி இருக்கு. அம்புட்டுத்தான்.”

பிள்ளை முக்காலியை முன்னுக்கு இழுத்தார். கொஞ்சம் குனிந்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். சர்வே ஆபீசில் காகிதத்தின் மேல் குனிகிற குனிவு அது. குனிந்து குனிந்து கடைசியில் பூ அவர் மூக்கின் மேலேயே பட்டது. துண்டில் மஞ்சளாகத் தூள் ஒட்டியது.

“போச்சு” என்றார் மதினி. “பட்டுட்டு. இனிமே அது கோயிலுக்கு ஆகாது.”

நான் ஒரு வழக்கில் இரு தரப்பும் தோற்றதைக் கண்டவன்போல நின்றேன். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். சிறிது யோசித்தார். பிறகு முடிச்சை அவிழ்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பூவில் மூக்கை நன்றாக வைத்து, நிதானமாக முகர்ந்தார்.

“நா வச்ச மரம்” என்றார். “எம்புட்டு வருசமாப் பூக்கு. இன்னைக்குத்தான் மோந்து பாக்கேன்.”

மதினி என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன்.

“நீயும் வந்து பாரு” என்றார் பிள்ளை. “எப்படியும் ஆகாதுன்னு ஆயிட்டுல்லா?”

“எனக்கு வேலை கெடக்கு” என்றார் மதினி. ஆனால் போகவில்லை. எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதால் நான் புறப்பட்டேன். வேலிப்படலைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தேன். மதினி குடலையைக் கீழே வைத்துவிட்டுக் கிளையண்டை குனிந்திருந்தார். பிள்ளை கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பூ மரத்திலேயே இருந்து, வாடி, தானாக விழுந்தது. அது விழும்வரை பிள்ளை வரைந்தார். படத்தை முடித்ததும் ராவுத்தரையும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். சித்திரக்கலை பற்றி எனக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது. முட்டை ஒன்று கைதவறிக் காகிதத்தில் விழுந்ததுபோல் இருந்தது. கிளையைவிடப் பூ பெரிது. இலை ஒன்றுகூட இல்லை. ராவுத்தர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வடக்கு எங்க பிள்ளைவாள்? அம்பு போடலையே?”

“மறந்துட்டு.”

“அளவு?”

“அதுவும் மறந்துட்டு” என்றார் பிள்ளை. அதற்காக வருத்தப்பட்டவர்போலத் தெரியவில்லை. மஞ்சள் மட்டும் சரியாக வரவில்லை. இன்னும் கொஞ்சம் சிவந்த மஞ்சளாக ஒரு கட்டி தருவித்துக் கொடுங்கள் என்றார். அந்தக் கட்டிதான் அவர் போன நாளுக்கு முந்தின நாள் வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவே கூடியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். கஷ்டப்படவில்லை. அண்ணாச்சியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மாலைக்குப் பூ வேண்டும் என்று யாரோ ஒருவர் தோட்டத்துப் பக்கம் போனார். மதினி அழுதுகொண்டிருந்த இடத்திலிருந்தே, “அங்க கை வைக்காதிய. அது நேர்ந்த பூ. கடையில வாங்குங்க” என்றார். கடையில் வாங்கினார்கள். ராவுத்தர் கூட்டத்தின் ஓரத்தில், மடியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மஞ்சளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். இன்னும் அவர் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. விற்பதில்லை.

ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். புருஷன் உயிருக்காக நேர்ந்த பூ; அத்தனை வருஷம் தவறாமல் கொடுத்துவிட்டு, இந்தச் சித்திரையில் ஒன்றை நிறுத்தினாள்; வைகாசியில் போய்விட்டார் என்பது அந்தப் பேச்சு. எதிர்வீட்டு அம்மாள் இதைத் துக்கம் கேட்கவந்த இடத்திலேயே, மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் இரக்கத்தோடு சொன்னார். நான் அங்கே இருந்தேன்.

மதினி கையை விடுவித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார்.

“ஒத்தப் பூவுக்காக ஆள எடுக்கிற பெருமாளா இருந்தா, நா இம்புட்டு நாள் குடுத்த பூவையெல்லாம் திருப்பித் தரட்டும். ரெண்டையும் வச்சுக்கிட்டா எப்படி?” என்றார்.

நான் இருபது வருஷமாகக் கோர்ட்டில் கேட்டுவரும் வாதங்களில் இதற்கு ஈடான ஒன்றை யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. சற்றுப் பொறுத்து மதினி, யாரிடமும் என்றில்லாமல், “நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன். விட்டது விட்டதுதான். இன்னொரு தடவைனாலும் விடுவேன்” என்றார்.

அந்த முட்டைப் படம் மதினியிடம் இருக்கிறது. பெட்டிக்குள் வைத்திருக்கிறார். யாருக்கும் காட்டுவதில்லை. எனக்குப் பிள்ளை முன்பே கொடுத்த செண்பகப் படம் ஒன்று உண்டு. கிளை, இலை, காம்பு, காம்பின் நுனியில் புள்ளிவட்டம், ஓரத்தில் வடக்கு அம்பு, அடியில் அளவு, எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அதை என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் பூ எங்கே என்று கேட்கிறார்கள். கோயிலுக்குப் போயிருக்கிறது என்று சொல்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் படமும் இந்தப் பதிலும்தான். பதிலைச் சிரிக்காமல் சொல்லவும் பழகிக்கொண்டேன். படத்தைப் பார்க்கிற நாட்களில் அவர் இல்லை என்பதைச் சும்மா விட்டுவிடக் கூடாது, காட்டவேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நேற்று மறுபடி அங்கே போயிருந்தேன். பதினாறு இன்னும் கழியவில்லை. தீட்டு வீட்டுப் பூ கோயிலுக்கு ஆகாது என்பதால், அண்ணாச்சி போன நாள்முதல் அந்தத் தோட்டத்தில் யாரும் பூப் பறிக்கவில்லை.